இரண்டாவதாக வந்த எரிமலை

உலகத்திலேயே உயரமான மலை எது என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட எவரெஸ்ட் என்று சொல்லிவிடும். சரி, உலகத்திலேயே உயரமான எரிமலை எது?

போன வாரம் வகுப்பில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். நான்கு பேர் கிளிமஞ்சாரோ என்றார்கள். இரண்டு பேர் ஜப்பானில் இருக்கும் ஃப்யூஜி என்றார்கள். ஒருவன் திருவண்ணாமலை என்றான் (சொந்த ஊர்ப் பாசம்!). மீதி மூன்று பேர் "இது பரீட்சைக்கு வருமாடா?" என்று திருப்பிக் கேட்டார்கள். பி.காம். மூன்றாம் ஆண்டில் அது நியாயமான கேள்விதான்.

பரீட்சைக்கு வராது. விடை: ஓஹோஸ் டெல் சலாடோ. தென்னமெரிக்காவில் சிலியும் அர்ஜென்டினாவும் சந்திக்கும் எல்லையில், ஆண்டிஸ் மலைத்தொடரில் இருக்கிறது. உயரம் 6,893 மீட்டர். கிளிமஞ்சாரோவை விட ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அதிகம். ஃப்யூஜியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தினால் இதன் இடுப்புக்குத்தான் வரும்.

இவ்வளவு பெரிய மலையின் பெயர் நமக்கு ஏன் தெரியவில்லை? காமர்ஸ் படிக்கிற நான் எரிமலையைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இந்தக் கேள்விதான். தேடிப் பார்த்தபோது கிடைத்த பதிலில் பாறையைவிட மார்க்கெட்டிங் அதிகமாக இருந்தது.

எங்களுக்கும் மலைக்கும் தூரம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வடலூர்க்காரனுக்கு மலை என்பது தூரத்துச் சொந்தம் மாதிரி. இங்கிருந்து கடலூர் வரை போனாலும் தட்டை, விருத்தாசலம் பக்கம் போனாலும் தட்டை. எங்கள் கண்ணுக்கு உயரமாகத் தெரிவது இரண்டே பொருள்தான். ஒன்று நெய்வேலி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. இன்னொன்று, நிலக்கரிக்காகத் தோண்டி எடுத்துச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் கொட்டி வைத்திருக்கும் மண்மேடு. மனுசன் தோண்டிப் போட்ட மலை அது.

எரிமலை என்றால் இன்னும் தூரம். திருவண்ணாமலையை அக்னித் தலம் என்று கும்பிடுகிறோம், ஆனால் புவியியல் கணக்கில் அது எரிமலை இல்லை. இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அந்தமான் பக்கத்தில் இருக்கும் பேரன் தீவு. 1787-இல் அது வெடித்ததைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். நீண்ட நாள் தூங்கிவிட்டு 1991-இல் மறுபடி விழித்துக்கொண்டது. ஆனால் கடல் மட்டத்துக்கு மேலே தெரிவது சுமார் 350 மீட்டர்தான். ஆகவே உயரமான எரிமலையில் ஏற ஆசைப்படும் இந்தியன் கடல் தாண்டித்தான் போக வேண்டும். போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி வரவில்லை. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காரில் போகும் மலை

ஓஹோஸ் டெல் சலாடோ என்ற ஸ்பானியப் பெயருக்கு ஏறக்குறைய "உப்பாற்றின் கண்கள்" என்று அர்த்தம். சலாடோ என்ற ஆறு பிறக்கும் இடம். நாமும் "ஊற்றுக்கண்" என்றுதானே சொல்கிறோம்? அங்கேயும் அதே பேச்சுதான் போலிருக்கிறது.

மலை இருப்பது அட்டகாமா பாலைவனத்தின் ஓரத்தில். உலகத்திலேயே மிக வறண்ட பாலைவனங்களில் ஒன்று அது. அதனால் இமயமலைப் படங்களில் பார்ப்பது போலப் பளபளவென்று பனி கிடையாது. பழுப்பு மண், சரளைக்கல், ஓயாத காற்று. 6,300 மீட்டருக்கு மேலே ஒரு சிறிய ஏரி இருக்கிறது; உலகின் மிக உயரமான ஏரிகளில் அதற்குத்தான் முதல் இடம் என்கிறார்கள். வரலாற்றுக் காலத்தில் பெரிய வெடிப்பு நடந்ததாக உறுதியான பதிவு எதுவும் இல்லை. ஆனால் உச்சிப் பக்கம் இன்னும் ஆவி கசிகிறது.

பனி குறைவு, மண் அதிகம் என்பதால் வேடிக்கையான ஒன்று நடக்கிறது. இதில் காரை ஏற்றுகிறார்கள்! 2007 ஏப்ரலில் சிலி நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஒரு குட்டி சுசுகி ஜீப்பை 6,688 மீட்டர் வரை ஓட்டிவிட்டார்கள். 2023 டிசம்பரில் ஒரு போர்ஷே கார் 6,734 மீட்டரைத் தொட்டது. "அப்போ மிச்சம் 159 மீட்டர்தானே, நடந்துடலாம்" என்று நினைக்காதீர்கள். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. உச்சிக்குக் கீழே கடைசியாக ஒரு பாறைப் பகுதி வேறு. அங்கே கையும் வேண்டும், பலர் கயிறும் பிடிக்கிறார்கள்.

ஏறியவர்களும் அளந்தவர்களும்

பதிவான முதல் ஏற்றம் 1937 பிப்ரவரி 26. ஏறியவர்கள் போலந்து நாட்டுக்காரர்கள்: யான் ஷெபான்ஸ்கி, யுஸ்டின் வோய்ஸ்னிஸ். நான்கு பேர் கொண்ட அந்தப் போலந்துக் குழு அதே மாதம் 7-ஆம் தேதி பக்கத்தில் இருக்கும் பிஸ்ஸிஸ் என்ற இன்னொரு பெரிய எரிமலையிலும் முதன்முதலில் ஏறியிருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு ராட்சச மலைகள். அந்த வட்டாரத்துக்குச் சரியான வரைபடம்கூட அப்போது இல்லை. அவர்கள் நிற்பது எத்தனையாவது உயரம் என்று அவர்களுக்கே சரியாகத் தெரிந்திருக்க முடியாது.

"எத்தனையாவது" என்ற கேள்வி 1956-இல்தான் சூடு பிடித்தது. அமெரிக்கக் கண்டங்களிலேயே உயரமான மலை அகான்காகுவா. அது முழுக்க அர்ஜென்டினாவுக்குள் இருக்கிறது. 1956-இல் சிலியிலிருந்து போன ஒரு குழு, ஓஹோஸ் டெல் சலாடோ 7,000 மீட்டரைத் தாண்டுகிறது, அகான்காகுவாவை விட உயரம் என்று அறிவித்தது. காற்றழுத்தத்தை வைத்துப் போட்ட கணக்கு. அப்படியானால் முதல் இடம் எல்லைக்கு வந்துவிடும், சிலிக்கும் பங்கு கிடைக்கும்!

அதே வருஷம் அமெரிக்க ஆல்பைன் கிளப் சார்பில் ஆடம்ஸ் கார்ட்டர் என்பவர் தலைமையில் ஒரு குழு நில அளவைக் கருவிகளோடு போய் முறையாக அளந்தது. விடை 6,885 மீட்டர். அகான்காகுவாவை விடக் குறைவு. கதை முடிந்தது. இன்றைய செயற்கைக்கோள் அளவுப்படி ஓஹோஸ் 6,893, அகான்காகுவா 6,961. வித்தியாசம் 68 மீட்டர். சதவீதத்தில் சொன்னால் ஒன்றுக்கும் கொஞ்சம் கீழே. நூற்றுக்கு ஒரு மார்க்கூட முழுதாக இல்லை.

பிஸ்ஸிஸுக்கும் இதே அனுபவம். 1990-களில் அது 6,882 மீட்டர் என்று கணக்குச் சொல்லி, ஓஹோஸைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்றார்கள். பிறகு ஜி.பி.எஸ். கருவியோடு போய் அளந்தால் 6,793. மறுபடி கீழே இறக்கிவிட்டார்கள். இத்தனைக்கும் மலைகள் மூன்றும் இருந்த இடத்தில் இருந்தபடியேதான் இருந்தன. ரேங்க் மட்டும் ஏறி இறங்கியது.

ஒரு தொழிலதிபர் போட்ட பட்டியல்

இந்த 68 மீட்டர் ஏன் இவ்வளவு முக்கியம் ஆனது? அதற்குக் காரணம் ஒரு பட்டியல்.

டிக் பாஸ் என்று ஒரு அமெரிக்கத் தொழிலதிபர். பனிச்சறுக்கு விடுதி நடத்தியவர். அவருக்கும் அவர் நண்பரும் திரைப்பட நிறுவன அதிகாரியுமான ஃபிராங்க் வெல்ஸுக்கும் ஒரு ஆசை வந்தது: ஏழு கண்டங்களிலும் ஆக உயரமான ஏழு மலைகளிலும் ஏற வேண்டும். 1985 ஏப்ரல் 30 அன்று 55 வயதில் எவரெஸ்ட் உச்சியில் நின்று அதை முடித்தார் டிக் பாஸ். "ஏழு சிகரங்கள்" என்ற பட்டியல் அப்படித்தான் உலகப் புகழ் பெற்றது. இன்று உலகம் முழுக்க மலையேறுபவர்கள் அதை வைத்துக்கொண்டு டிக் அடிக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் தென்னமெரிக்காவுக்கு ஒரே சீட். அது அகான்காகுவாவுக்கு. 68 மீட்டரில் நம் எரிமலைக்கு சீட் போச்சு.

இதே பட்டியலில் ஆஸ்திரேலியாவுக்கும் ஒரு சீட் உண்டு. அது கொஸ்சியஸ்கோ என்ற மலைக்கு. அதன் உயரம் தெரியுமா? 2,228 மீட்டர். நம் ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர்! சுற்றுலா வேனில் போய் இறங்கி, டீ குடித்து, குல்லா வாங்கிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோமே, அந்தத் தொட்டபெட்டா "உலகின் ஏழு சிகரங்களில்" ஒன்றைவிட 409 மீட்டர் உயரம். (ஆஸ்திரேலியா கண்டம் என்றால் நியூகினியாவையும் சேர்க்க வேண்டும், அங்கே இருக்கும் 4,884 மீட்டர் கார்ஸ்டென்ஸ்தான் சரி என்று இன்னொரு கட்சி உண்டு. பட்டியலே ஒன்று இல்லை, இரண்டு இருக்கிறது என்று அர்த்தம்.)

தப்பாக நினைக்க வேண்டாம். கொஸ்சியஸ்கோவை நான் மட்டம் தட்டவில்லை. பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்றுதான் சொல்கிறேன். உள்ளே இருந்தால் 2,228 மீட்டரும் சிகரம். வெளியே இருந்தால் 6,893 மீட்டரும் யாருக்கும் தெரியாத மேடு.

இதில் பணமும் இருக்கிறது. மலையேற்றம் பணக்கார விளையாட்டு. எவரெஸ்டில் ஏற அனுமதிச் சீட்டுக்கு மட்டும் நேபாள அரசு வாங்குவது 11,000 டாலராக இருந்தது. 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர். வழிகாட்டி, ஆக்சிஜன், கூடாரம், சாப்பாடு எல்லாம் தனி. நம் ஊர்ப் பையனோ பெண்ணோ இதற்குக் காசு சேர்க்க வேண்டும் என்றால் ஒரு கம்பெனியிடமோ அரசாங்கத்திடமோதான் போய் நிற்க வேண்டும். "ஓஹோஸ் டெல் சலாடோவில் ஏறப் போகிறேன்" என்றால் "அது என்னப்பா?" என்பார்கள். "ஏழு சிகரங்களையும் முடிக்கும் முதல் தமிழர்" என்றால் பேனர் அடிப்பார்கள். சாதனை வெறி பிடித்து அலைகிறார்கள் என்று மலையேறுபவர்களைச் சிலர் திட்டுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. "முதல்", "இளைய", "வேகமான" என்ற மூன்று சொற்களில் ஒன்றாவது இல்லாமல் காசு புரளாது என்றால் அவர்கள் என்னதான் செய்வார்கள்? வெறி ஏறுகிறவரிடம் மட்டும் இல்லை, காசு கொடுக்கிறவரிடமும் செய்தி படிக்கிற நம்மிடமும் இருக்கிறது.

முதலில் ஏறியது யார்?

சரி, உயரத்தில் யார் முதல் என்பதாவது அளந்து சொல்லக்கூடிய விஷயம். ஏறியதில் யார் முதல் என்பது இன்னும் குழப்பம்.

ஐரோப்பாவின் உயரமான மலையாகச் சொல்லப்படும் எல்ப்ரஸும் ஒரு எரிமலைதான். அதற்கு இரண்டு உச்சி. மேற்கு 5,642 மீட்டர், கிழக்கு 5,621 மீட்டர். 1829 ஜூலையில் ரஷ்ய ஜெனரல் எம்மானுவேல் ஒரு பெரிய குழுவை அழைத்துக்கொண்டு போனார். ஜெனரல் கீழே முகாமில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தார். கூடப் போன அறிஞர்கள் பாதியில் களைத்துப் போனார்கள். கிழக்கு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது கில்லர் ஹஷிரோவ் என்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவர்தான். ஆனால் இங்கிலாந்துக்காரர்கள் எழுதிய புத்தகங்களில் அந்தப் பெருமை நீண்ட காலம் 1868-இல் ஏறிய ஃப்ரெஷ்ஃபீல்ட் குழுவுக்குப் போனது. மேற்கு உச்சியில் 1874-இல்தான் ஏறினார்கள். ஆகவே "உண்மையான முதல்" அதுதான் என்றும் வாதாடலாம். அங்கே 68 மீட்டர், இங்கே 21 மீட்டர்!

கிளிமஞ்சாரோவில் 1889 அக்டோபர் 6 அன்று ஏறியவர்கள் என்று ஜெர்மனியின் ஹான்ஸ் மேயரையும் ஆஸ்திரியாவின் லுட்விக் புர்ட்ஷெல்லரையும் சொல்கிறோம். அவர்களோடு வழிகாட்டியும் சமையல்காரரும் சுமை தூக்குபவர்களும் போனார்கள். மேல் முகாம் வரை கூடவே இருந்த முவினி அமானி என்பவரின் பெயராவது மிஞ்சியது. 1989-இல் நூற்றாண்டு விழா கொண்டாடும்போதுதான் "நம் ஊர் ஆள் யாராவது கூடப் போயிருப்பார்களே" என்று தேடினார்கள். யோஹானி லாவுவோ என்ற மிகவும் வயதான ஒருவரைக் கண்டுபிடித்துக் கௌரவித்தார்கள். அவர் நிஜமாகவே அந்தப் பயணத்தில் இருந்தாரா என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. நூறு வருஷம் கழித்துக் கணக்கு எழுத உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும். டெபிட் பக்கத்தை எழுதாமலே கிரெடிட் பக்கத்தை மட்டும் எழுதி வைத்த புத்தகம் அது. எங்கள் கணக்குப் பதிவியல் வாத்தியார் பார்த்தால் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையால் கோடு போட்டிருப்பார்.

எல்லாவற்றையும் விட என்னைப் பாதித்தது யூயையாக்கோ என்ற மலையின் கதை. இதுவும் சிலி–அர்ஜென்டினா எல்லையில் இருக்கும் எரிமலை, 6,739 மீட்டர். பதிவேட்டின்படி முதலில் ஏறியவர்கள் 1952 டிசம்பர் 1 அன்று போன இரண்டு சிலி நாட்டுக்காரர்கள். மேலே போய்ப் பார்த்தால் கல் கட்டடங்களின் இடிபாடுகள்! 1999-இல் யோஹான் ரைன்ஹார்டும் கான்ஸ்டன்ஸா செருத்தியும் நடத்திய அகழாய்வில் உச்சியில் மூன்று குழந்தைகளின் உடல்கள் கிடைத்தன. பதின்ம வயதுப் பெண் ஒருத்தி, ஒரு சிறு பையன், ஒரு சிறு பெண். சுமார் 500 வருஷத்துக்கு முன்னால் இன்கா மக்கள் பலியாகக் கொண்டுவந்து விட்டவர்கள். குளிரில் உடல் கெடாமல் இருந்தது. இப்போது அர்ஜென்டினாவின் சால்ட்டா நகர அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

போலந்துக்காரர்களுக்கும் எவரெஸ்டுக்கும் நானூறு வருஷத்துக்கு முன்பே, 6,739 மீட்டர் உயரத்துக்கு மனிதர்கள் போய்க் கல் சுமந்து கட்டடம் கட்டியிருக்கிறார்கள். குழந்தைகளையும் கூட்டிப் போயிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் ஆசைப்பட்டு ஏறவில்லை. அவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை. அவர்களைப் பற்றித் தெரிந்த பிறகு "முதல் ஏற்றம் 1952" என்ற வரியை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை.

மஸ்தான் பாபு

இப்போது நம் நாட்டு ஆளுக்கு வருகிறேன். மல்லி மஸ்தான் பாபு. ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் ஒரு சிறிய கிராமத்துக்காரர். கொருகொண்டா சைனிக் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளியில் படித்த எம்.யு.பி. ராவ் என்ற ராணுவ அதிகாரி 1985-இல் எவரெஸ்ட் பயணத்தில் உயிரிழந்தார். (டிக் பாஸ் தன் பட்டியலை முடித்த அதே வருஷம், அதே மலை!) அந்த அதிகாரியின் கதைதான் பையனுக்கு மலை ஆசையைக் கொடுத்தது.

பிறகு இன்ஜினியரிங், காரக்பூர் ஐ.ஐ.டி.யில் மேல்படிப்பு, சாஃப்ட்வேர் வேலை, கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ. எங்களைப் போன்ற காமர்ஸ் பசங்களுக்கு ஐ.ஐ.எம். என்பதே எவரெஸ்ட். அதில் ஏறியவர் அங்கிருந்து இறங்கி நிஜ மலைக்குப் போய்விட்டார்.

2006 ஜனவரி 19 முதல் ஜூலை 10 வரை, 172 நாளில் ஏழு சிகரங்களையும் முடித்தார். அப்படி முடித்த முதல் இந்தியர். அன்றைக்கு அது உலக சாதனை வேகம். இன்னொரு அழகும் உண்டு. அண்டார்டிகாவின் வின்சனில் வியாழன், அகான்காகுவாவில் வெள்ளி, கிளிமஞ்சாரோவில் புதன், கொஸ்சியஸ்கோவில் சனி, எவரெஸ்டில் ஞாயிறு, எல்ப்ரஸில் செவ்வாய், டெனாலியில் (கமல் படம் இல்லை, அலாஸ்காவில் இருக்கும் மலை) திங்கள். ஏழு மலை, வாரத்தின் ஏழு நாள்!

பட்டியல் முடிந்ததும் வீட்டுக்குப் போயிருக்கலாம். பேச்சாளராகி ஏசி ஹாலில் மேனேஜர்களுக்கு வகுப்பெடுத்தே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் மலைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. 2015-இல் மறுபடி ஆண்டிஸில் இருந்தார். மார்ச் 24 அன்று, ஓஹோஸ் டெல் சலாடோவுக்கு அருகில் இருக்கும் ட்ரெஸ் க்ரூசஸ் சூர் என்ற எரிமலையில் தனியாக ஏறப் போனவர் திரும்பவில்லை. வானிலை மோசம். சிலி, அர்ஜென்டினா இரண்டு பக்கமும் தேடினார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் உடல் கிடைத்தது. வயது 40. அந்த மாதமே சொந்த ஊருக்குக் கொண்டுவந்து இறுதிச் சடங்கு செய்தார்கள்.

அவர் இறந்த மலை ஏழு சிகரங்களில் இல்லை. அதன் பெயர் அந்தச் செய்தி வரும்வரை இந்தியாவில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஏழையும் முடித்த பிறகும் ஒருவர் அந்தப் பெயர் தெரியாத மலைகளைத் தேடிப் போகிறார் என்றால், மலைக்கும் பட்டியலுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

பிற்பாடு ஏழு கண்டங்களின் உயர்ந்த எரிமலைகளுக்கென்றும் ஒரு பட்டியல் பிரபலமானது. அதில் ஓஹோஸ் டெல் சலாடோவுக்குத்தான் முதல் இடம். கொல்கத்தாவைச் சேர்ந்த சத்யரூப் சித்தாந்தா ஏழு சிகரங்களையும் ஏழு எரிமலைகளையும் 2019 ஜனவரியில் முடித்தார். சின்ன வயதில் ஆஸ்துமாவால் கஷ்டப்பட்டவர் அவர். அவருக்கு என் மரியாதை முழுமையாக உண்டு. ஆனால் பாருங்கள், எரிமலைக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்றாலும் இன்னொரு பட்டியல் போட்டு அதில் முதல் இடத்தில் உட்கார வைத்தால்தான் முடிகிறது.

மாநில முதல் மாணவர்

தமிழ்நாட்டில் நமக்கு இது புதிதில்லை. 2016 வரை ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தால் மறுநாள் பேப்பரில் "மாநிலத்தில் முதலிடம்" என்று போட்டோ, அப்பா அம்மா ஸ்வீட் ஊட்டும் படம், டாக்டர் ஆகி சேவை செய்வேன் என்ற பேட்டி. 2017-இல் தமிழக அரசு அந்த ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. 1,200-க்கு ஒரு மார்க் குறைந்தவனும் மனுசன்தான் என்று அன்றைக்குத்தான் அரசாங்கமே ஒப்புக்கொண்டது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. ரேங்க் இருந்ததால்தான் ஏதோ ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணின் முகம் மாநிலம் முழுக்கத் தெரிந்தது. அதைப் பார்த்து யாரோ ஒருவர் அவள் படிப்புக்குக் காசு கொடுத்தார். ரேங்க் இல்லாவிட்டால் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நஷ்டம் இல்லை, அந்தக் கிராமத்துப் பெண்ணுக்குத்தான் நஷ்டம். மஸ்தான் பாபுவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அந்த ஏழை 172 நாளில் முடிக்காமல் இருந்திருந்தால், வடலூரில் உட்கார்ந்துகொண்டு நான் அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இதை நான் மறுக்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் உள்ளே நுழைய ரேங்க் ஒரு வாசல். என் சண்டை வாசலோடு இல்லை. உள்ளே போன பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பதோடுதான்.

எங்கள் கல்லூரிக்கு ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் தேர்வு எழுதவே விடுவோம் என்றார்கள். என் நண்பன் ஒருவனுக்கு 59.4. டேலியில் எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். காலையில் போட்டுக்கொண்டு வந்த இன் பண்ணிய சட்டையோடு கேன்டீனில் உட்கார்ந்திருந்தான். தேர்வு எழுதித் தோற்றிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. ஓஹோஸ் டெல் சலாடோ குறைந்தது ஒரு சதவீதத்தில். இவன் குறைந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆயிரம் விண்ணப்பம் வந்தால் எங்காவது கோடு போடத்தானே வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லலாம். போடட்டும். ஆனால் கோடு போட்டது வேலையைச் சுலபமாக்கிக்கொள்ள என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். கோட்டுக்குக் கீழே இருப்பவன் மட்டம் என்று அந்தக் கோடு சொல்லவில்லை. நாம்தான் அப்படிப் படித்துக்கொள்கிறோம்.

நம்மால் என்ன செய்ய முடியும்?

பெரிதாக எதுவும் வேண்டாம். அடுத்த முறை "இந்தச் சிகரத்தில் ஏறிய முதல் இந்தியர்", "மிக இளைய தமிழர்" என்று செய்தி வந்தால் இரண்டு கேள்வி கேட்போம். கூடப் போன வழிகாட்டியின் பெயர் என்ன? சுமை தூக்கியவர்கள் எத்தனை பேர்? செய்தியில் அதற்கு இரண்டு வரி ஒதுக்கினால் போதும். கில்லருக்கும் முவினி அமானிக்கும் நடந்தது இன்னொருவருக்கு நடக்காது.

பணம் கொடுக்கும் கம்பெனிகளுக்கும் அரசுக்கும் ஒரு வேண்டுகோள். முதலில் ஏறுகிறவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். இரண்டாவதாக, இருபதாவதாகப் போகிறவருக்கும் கொடுங்கள். அவருக்கும் அதே குளிர்தான், அதே காற்றுதான், மூச்சுக்கு அதே பாதி ஆக்சிஜன்தான். ஒருவருக்குச் சாதனைப் பரிசாகக் கொடுக்கும் லட்சங்களில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் காப்பீட்டுக்கும் ஒதுக்கினால், தட்டையான ஊரிலிருந்து வருகிற இருபது பேர் மலை என்றால் என்னவென்று தெரிந்துகொள்வார்கள்.

ட்ரெஸ் க்ரூசஸ் சூர் 6,748 மீட்டர். அது உலக எரிமலைகளில் எத்தனையாவது என்று நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. 2015 மார்ச்சில் நெல்லூர்க்காரர் ஒருவர் அதில் ஏறப் போனார். அந்த மலையின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்கு அது போதும்.